பாதியில் நின்ற உங்கள் ஃபைல்

பாசமுள்ள மாமாவுக்கு,

நல்ல செய்தி. உங்கள் ஃபைல் முழுதாகக் கிடைத்துவிட்டது.

நீங்கள் மாரடைப்பில் போய் இத்தனை மாதமாகியும் அக்கா உங்கள் செல்லை அணைக்கவில்லை. ரத்தம் கேட்டு யாராவது கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். போன வாரம் சிதம்பரத்திலிருந்து ஒருவர்.

"சம்சாரத்துக்கு வியாழக்கிழமை பிரசவ ஆபரேஷனுங்க. ஓ நெகட்டிவாம், ரெண்டு பேராவது வேணுங்கறாங்க. அண்ணன் இருக்காரா?"

நீங்கள் இல்லை என்று சொல்ல அக்காவுக்கு வாய் வரவில்லை. "பாத்து சொல்றோங்க" என்று வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

எப்படிப் பார்ப்பது மாமா? ரத்தம் கொடுப்பவர்களைத் தேட நீங்கள் சி மொழியில் எழுதிய புரோகிராம், வைரஸ் வந்து கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்தபோதே போய்விட்டது. சிடியில் மிஞ்சியது விவரங்கள் உள்ள ஃபைல் மட்டும். நோட்பேடில் திறந்தால் பெயரும் குரூப்பும் தெரிகின்றன. போன் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கிறுக்கல். நம்பரை ஏன் அப்படிச் சேமித்தீர்கள்? இடத்தை மிச்சம் பிடிக்கவா?

பெயருக்கு இவ்வளவு இடம், நம்பருக்கு இவ்வளவு என்று கணித்து, அரைகுறையாய்ப் படித்த சி-யை வைத்து நானே ஒன்று எழுதினேன். சில பெயர்கள் நம்பரோடு வந்தன. பிறகு ஃபைல் முடிந்துவிட்டது என்று நின்றது. அதில் ஓ நெகட்டிவ் ஒருவர்கூட இல்லை.

"அவ்ளோதானாடா?" என்றாள் அக்கா.

முதுநகர் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, ஃபைலைப் படிக்கும் ஃபங்ஷன்களுக்கு விளக்கம் தேடினேன். எங்கே போனாலும் அதே உதாரணம்தான். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. கடைசியில் ஒவ்வொன்றையும் பொறுமையாக விளக்கும் பக்கம் ஒன்று அகப்பட்டது. அதன் அடியில் ஒரு குறிப்பு. சாதாரண எழுத்து ஃபைலாகத் திறந்தால், நடுவில் வரும் ஒரு குறியை முடிவு என்று எடுத்துக்கொள்ளுமாம். உள்ளது உள்ளபடி படிக்க, திறக்கும் இடத்தில் 'ஆர்' என்ற எழுத்தோடு 'பி' சேர்க்க வேண்டும். அவ்வளவுதான்!

வீட்டுக்கு ஓடிவந்து அந்தப் 'பி'யைச் சேர்த்தேன். பெயர்கள் கொட்டின மாமா. அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக வாசித்தாள்.

ஓ நெகட்டிவ் உள்ள லால்பேட்டைக்காரர் ஒருவருக்குப் போன் போட்டு, நீங்கள் காலமானதைச் சொன்னேன். "அண்ணன் மவுத்தாயிட்டாரா?" என்றவர், எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டுக்கொண்டார். "அவரு கூப்பிட்டு வராம இருந்ததில்ல தம்பி. வியாழக்கிழமை காலைல அங்க நிப்பேன்." ஸ்ரீமுஷ்ணத்திலிருந்தும் ஒருவர் வந்தார். பெண் குழந்தை. தாயும் நலம்.

பார்க்கப் போயிருந்தோம். குழந்தையின் அப்பா வாசல் பக்கமே பார்த்தார். "அண்ணன் வரலீங்களா?"

"அவரு தவறிட்டாருங்க" என்றாள் அக்கா. குரல் உடையவில்லை. "நாங்க இருக்கோம்."

அப்போதுதான் மாமா, எனக்கும் மூச்சு சீராக வந்தது.

இந்த ஃபைலை எப்படிப் படிப்பது, ஏன் அப்படிப் படிக்க வேண்டும் என்று தமிழில் எழுதிவைக்கப் போகிறேன். நாளைக்கு நானும் இல்லாமல் போனால் யாரும் திண்டாடக் கூடாது. இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

என்றும் உங்கள் மச்சான்,
குமரவேல்