ரெஜினாவின் விமானம்

9.8.88, செவ்வாய்

தங்கை ரெஜினா பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு அட்டையில் விமானம் செய்கிறாள். அதற்கு என் தையல் மெஷின் பலகையைத்தான் பிடித்துக்கொண்டாள். றெக்கையில் பசை காயும்வரை ஃபேன் போடக்கூடாதாம். எங்களோடு இருக்கும் சித்தியின் பிள்ளைகள் மூன்றும் வியர்த்து அழுதன.

"கம்முனு கெடங்க. அக்கா பிளேன் செய்யுது இல்ல" என்று அதட்டினாள் அம்மா.

நான் எட்டாவது பரீட்சைக்குப் படித்தபோது ரேடியோவைக்கூட யாரும் அணைக்கவில்லை. ஃபெயிலானேன். அதோடு என் படிப்பும் நின்றது.

ரெஜினா தண்ணீர் பிடிக்கப் போனதும் ஃபேனை முழு வேகத்தில் போட்டேன். றெக்கை பெயர்ந்து விழுந்தது. பிள்ளைகள்தான் போட்டிருப்பார்கள் என்று அம்மா அவர்களை அடித்தாள். நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன்.

ரெஜினா அழுதுகொண்டே, "உன் கைதான் ஆடாது, நீயே ஒட்டுக்கா" என்றாள். ஒட்டினேன். காயும்வரை ஒரு மணி நேரம் பிடித்துக்கொண்டே நின்றேன்.

அப்பா வேலையிலிருந்து வந்ததும், "இன்னாமா செஞ்சிக்கீற! றெக்கை சும்மா கிண்ணுனு நிக்குதே" என்றார்.

"அது நான் இல்லப்பா, அக்கா ஒட்டுனது" என்றாள் அவள்.

அவள் அந்தப் பாராட்டைப் பேசாமல் வாங்கிக்கொண்டிருக்கலாம். நானும் நிம்மதியாகப் பொறாமைப்பட்டுவிட்டுத் தூங்கியிருப்பேன்.