பங்கிலிருந்து திரும்பியபோது

ஞாயிறு, இரவு.

மஸ்கட்டில் சாலையின் வலப்பக்கம் ஓட்டப் பழக எனக்கு ஒரு வருடம் பிடித்தது. லீவில் ஊருக்கு வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. இன்று மனைவி கலாவையும் மகளையும் தம்பியின் பைக்கில் ஏற்றிக்கொண்டு திருக்கழுக்குன்றம் கோயிலுக்குப் போனேன். திரும்பும் வழியில் பெட்ரோல் போட்டுக்கொண்டு பங்கிலிருந்து வெளியே வந்தேன். சாலையில் ஒரு வண்டிகூட இல்லை. வளைவில் பஸ் நேருக்கு நேர் வந்தபோதுதான் நான் வலப்பக்கம் போய்க்கொண்டிருப்பது தெரிந்தது. சட்டென்று மண்ணில் இறக்கினேன். மகளின் கால் செருப்பு ஒன்று கழன்று சாலையில் விழுந்தது. பஸ் அதன்மேல் ஏறிப் போனது.

"பாத்துகினுதானே வந்தே, சொல்றதுக்கு இன்னா?" என்று மனைவியிடம் எரிந்து விழுந்தேன்.

"எல்லாரும்தான் ராங் சைடுல வர்றாங்க. நீங்களும் தெரிஞ்சேதான் போறீங்கன்னு நெனச்சேன்" என்றாள் கலா.

நான் மறுக்கவில்லை. திமிர் என்றே நினைத்துக்கொள்ளட்டும். கை தானாகத் திரும்பியது என்று தெரிந்தால் இனி என் வண்டியில் ஏறமாட்டாள்.

நாளை மகளைப் பள்ளியில் விடச் சொல்லியிருக்கிறாள். சரி என்றுவிட்டேன். காலையில் பள்ளிக்குப் போகும் சாலையிலும் இன்றுபோல ஒரு வண்டிகூட இருக்காது.