ஃபேமிலி நாள்

பிரியமுள்ள உனக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

வியாழன் மாலை கோபார் மாலுக்குப் போயிருந்தேன். எதற்கு என்று கேட்காதே. அன்றைக்கு ஃபேமிலிக்கு மட்டும்தான் அனுமதி, பேச்சிலரை விடமாட்டார்கள். நீ ஊருக்குப் போனது வாசல் காவலாளிக்குத் தெரியாது.

"பாய், ஃபேமிலி எங்க?"

"பின்னாடி வர்றாங்க" என்றேன். விட்டுவிட்டான்.

எதுவும் வாங்கவில்லை. எஸ்கலேட்டரில் ஏறப் பயந்து நீ என் கையைப் பிடித்தாயே, அங்கேயே நின்றேன். பர்தாவில் வந்த ஒவ்வொருத்தியும் நீதான் என்று தோன்றியது. தொழுகைக்கு ஷட்டர்களை இறக்கியதும் வெளியே வந்தேன்.

"ஃபேமிலி வரலையா பாய்?" என்றான்.

நீ ஜமாஅத்தில் கேட்ட தலாக்கை எழுதி, கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

இந்தத் தபால் உன் கைக்கு வரும்வரை,
உன் மச்சான்