கரிச்சான் மார்க் தீப்பெட்டி

மேசை இழுப்பறையின் மூலையில் இன்று ஒரு பழைய தீப்பெட்டி கிடைத்தது. கரிச்சான் மார்க். தீக்குச்சி மருந்தின் வாடை இன்னும் போகவில்லை. முகர்ந்ததும் அருவருத்துத் தள்ளி வைத்தேன். உன்னை நினைத்து அல்ல, என்னை நினைத்து.

லேபிளில் இருக்கிற அந்தச் சின்னப் போர் விமானம் எந்த நாட்டிடமும் இருந்ததில்லை. தொண்ணூறுகளின் நடுவே ஒரு கோடையில், கோவில்பட்டித் தீப்பெட்டிக் கம்பெனியில் நாம் இருவரும் லேபிள் படம் வரைந்த அறையில், நீயாக யோசித்து உண்டாக்கியது. ஒற்றைக் காற்றாடி, இரண்டு இருக்கை, கீழே வேவு பார்க்கப் பெரிய கண்ணாடி. "ஆட்டு முதுகுல உக்காந்து சுத்திமுத்திப் பாக்கும்லா கரிச்சான் குருவி, அதாம்ல இது" என்றாய். ஆடு மேய்க்கிற வீட்டுப் பிள்ளை நீ. விமானத்துக்கு அடியில் கழுகுமலையையும் கரிசல் காட்டையும் வரைந்து வைத்திருந்தாய்.

முதலாளி கடலை மிட்டாயை மென்றுகொண்டே வந்தார். "சும்மா பாத்துட்டுப் போற விமானத்த எவன் வே வாங்குவான்? குண்டு போடணும். கீழ ஆளுக சிதறி ஓடணும்." பேசும்போது தெறித்த கடலைத் துணுக்கு படத்தில் ஒட்டிக்கொண்டது. அதை நகத்தால் சுரண்டி மறுபடி வாயில் போட்டுக்கொண்டார். சீ, என்ன பிறவியோ.

குண்டை நீ வரைந்தாய். ஆட்களை வரைய மாட்டேன் என்று தூரிகையைக் கழுவி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாய். அந்த நேரத்தில் நான் வரைந்தேன். முதலாளியிடம் நல்ல பேர் வாங்குகிற ஆசை, வேறென்ன. ஆறு பேர் ஓடுகிறார்கள். அதில் ஒருவருக்குத் தலையில் கம்பளி, தோளில் கம்பு. ஆடு மேய்க்கிறவர் என்றால் எனக்குத் தெரிந்தது உன் அய்யா ஒருவர்தான்.

வந்து பார்த்தாய். "ஏலே, இது எங்கய்யால்லா. அழிச்சிரு."

"சின்னதாக்கி அச்சடிச்சா வெறும் புள்ளிதாம்ல. யாருக்குத் தெரியப்போவுது?" என்றேன்.

"விமானத்துல இருக்கவனுக்கும் அப்படித்தாம்ல தெரியும்."

நீ கத்தவில்லை. மறுநாள் வேலைக்கும் வரவில்லை. அதன்பிறகு கயத்தாற்றில் லாரிகளுக்குப் பேர் எழுதிக்கொண்டிருந்தாய். பஸ்ஸில் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கரிச்சான் மார்க் நன்றாக ஓடியது. முதலாளி என் முதுகில் தட்டினார், நானும் பல்லைக் காட்டினேன். த்தூ.

சில வருசம் கழித்து மஞ்சள் காமாலையில் நீ போய்ச் சேர்ந்தாய். துட்டி கேட்க வந்த என் இரண்டு கையையும் உன் அய்யா பிடித்துக்கொண்டார். "எம்மவன்கூடச் சேந்து படம் போட்ட கையில்லா இது" என்றார். அந்தக் கையைத்தான் இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இன்று பூதக்கண்ணாடி வைத்து லேபிளைப் பார்த்தேன். நான் அன்று சொன்னது பொய். புள்ளி இல்லை. கம்பளி தெரிகிறது, கம்பு தெரிகிறது. வெள்ளை மையை எடுத்து அழிக்க உட்கார்ந்தேன். ஒரு பெட்டியில் அழித்து என்ன?

நீ சொன்ன அன்று சாயம் காய்ந்திருக்கவில்லை. ஈரத்துணியும் என் கையில்தான் இருந்தது.