நீட்டாத கை

மொன்றியல்
மே 14

அன்புள்ள மகள் சஜிதாவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் தந்த அளவில் நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். உன் சுகத்தையும் மருமகன் நிஷானின் சுகத்தையும், நான் இன்னும் நேரில் முகம் பார்க்காத பேத்தியின் சுகத்தையும் மடு மாதாவிடம் கேட்டுக்கொண்டு இதைத் தொடங்குகிறேன். அம்மாவின் முழங்கால் நோவு குளிரோடு போய்விட்டது. எனக்குப் பிரஷர் கொஞ்சம் கூட, மருந்து மாற்றியிருக்கிறார்கள். தொலைபேசியில் சொல்லக்கூடியதை ஏன் எழுதுகிறார் என்று நினைப்பாய். தொலைபேசியில் எனக்குக் கோபம் முந்திக்கொள்கிறது, பிறகு அம்மா வாங்கிக் கதைத்து முடித்துவிடுகிறாள். எழுதும்போது என்னை யாரும் மறிக்க முடியாது.

நெனிதா அன்ரியும் மொன்றியலை விட்டுப் போய்விட்டார். தொண்ணூற்றிரண்டில் நான் ஆஸ்பத்திரியில் நிலம் துடைக்கச் சேர்ந்தபோது அவர் அங்கே துணி தோய்க்கும் பகுதியில் இருந்தார் என்பது உனக்குத் தெரியும். தமிழ்ப் பூசை ஞாயிறு பின்னேரம், அது எனக்கு வேலை நேரம். நாலு ஞாயிறு நான் பூசை காணவில்லை என்று அறிந்து, கோட்-டெ-நெய்ஜில் தங்கள் பிலிப்பினோக் கோவிலின் காலைப் பூசைக்குக் கூட்டிக்கொண்டு போனவர் அவர்தான். பாஷை விளங்காமல் கடைசி வாங்குப் பலகையில் இருந்த என்னை ஒரு வருடத்துக்குள் பாடகர் குழுவில் கொண்டுபோய் நிறுத்தினார். அவர்களுடைய பாட்டுகளைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துத்தான் பாடினேன், இன்றும் அப்படித்தான் பாடுகிறேன். அந்தக் குழுவில் இருபத்திரண்டு பேர் இருந்தோம், இப்போது ஏழு பேர். அல்பேர்ட்டா, வினிபெக், ஒன்ராறியோ என்று ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்புகிறார்கள். வாடகை என்கிறார்கள், பிள்ளைகளின் வேலை என்கிறார்கள், பிரெஞ்சுப் பரீட்சை என்கிறார்கள். நான் நாற்பத்தைந்து வயதில் மூலைக்கடை டெப்பனரில் கிடைக்கும் விளம்பரத் தாள்களை வாசித்துப் பிரெஞ்சு படித்தவன். என்னிடம் அந்தச் சாட்டு எடுபடாது.

போகிற குடும்பத்தைப் பூசை முடிவில் பீடத்துக்கு முன்னால் நிறுத்தி, எல்லோரும் வலது கையை அவர்கள் பக்கம் நீட்டி ஆசீர்வாதப் பாட்டுப் பாடுவது அங்கே வழக்கம். அந்தப் பாட்டுக்கு முப்பது வருடம் நானும் கை நீட்டினேன். எந்த நாளில் நிறுத்தினேன் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. நீயும் நிஷானும் எட்மன்டனுக்குப் போகவென்று அங்கே நின்ற நாள். கை நீட்டினால் போ என்று நானே சொன்னதாகிவிடும் என்று நினைத்தேன். பிறகு வெளியே வந்து என் கையைத் தேடினாய். அந்தக் கோவில் பிள்ளைகளோடு வளர்ந்தவள் நீ, பெரியவர்களின் கையை எடுத்து நெற்றியில் வைத்து ஆசீர்வாதம் வாங்கிப் பழகியவள். நான் கையைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு, றோட்டில் கவனம் என்று மட்டும் சொன்னேன். அது நவம்பர் மாதம், ஆனால் குளிருக்காக வைக்கவில்லை.

அதன்பின் ஒருவருக்கும் நீட்டவில்லை. பாட்டுத் தொடங்கினால் குழுவை விட்டு இறங்கிக் கடைசி வாங்குக்குப் போய்விடுவேன். அம்மா வெட்கப்பட்டு, அவருக்குத் தோள் நோவு, கை எழும்பாது என்று பெண்களிடம் சொல்லிவைத்தாள். அடுத்த ஞாயிறு கோவில் மண்டபத்தில் நூடில்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மூன்று பேர் மூன்று தைலப் போத்தலோடு வந்து என் சேட்டுக் கொலரை விலக்கித் தேய்க்கத் தொடங்கிவிட்டார்கள். தோளில் ஒன்றுமில்லை, எனக்கு விருப்பமில்லை என்று எழும்பி நின்று சொன்னேன். அம்மா வீட்டுக்கு வந்து, உங்கட கை என்ன தேஞ்சு போகுமோ, போற சனம் ஆசையாப் பாக்குது, நீங்கள் தூண் மாதிரி நிக்கிறியள் என்று ஏசினாள்.

நெனிதா அன்ரி வினிபெக்கில் இருக்கும் மகனிடம் போனார், பேரப்பிள்ளைகளைப் பார்க்க அங்கே ஆளில்லை. என்னிடம் முன்கூட்டிச் சொல்லவே இல்லை, சுவாமியார் அறிவித்தபோதுதான் அறிந்தேன். அது எனக்குப் பெரிய மனத்தாங்கல். போன ஞாயிறு பீடத்துக்கு முன்னால் தனியே நின்றார். நான் கடைசி வாங்கில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். பாதிப் பாட்டில் அவர் திரும்பி நடந்து என்னிடமே வந்துவிட்டார். குயா என்று கூப்பிட்டார், அவர்களுக்கு அது அண்ணன், இத்தனை வருடமும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். குயா, நான் போவது பிழையாகவே இருக்கட்டும், பிழை செய்கிறவளுக்கு ஆசீர்வாதம் வேண்டாமா என்று கேட்டார். பதிலுக்கு நிற்கவில்லை. என் முதுகுக்குப் பின்னால் கையை விட்டு, என் வலது கையை இழுத்தெடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார். எழுபத்திரண்டு வயது மனுசி, எனக்கு மூன்று வயதுதான் இளமை, ஒரு நாளும் என்னிடம் அப்படிச் செய்ததில்லை. உண்மையைச் சொல்கிறேன், நான் கையை இழுக்கப் பார்த்தேன். துணி பிழிந்த கை, விடவில்லை. நெற்றி வியர்த்திருந்தது. பாடிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். அதன்பின் நான் இழுக்கவில்லை.

திரும்பி வரும்போது அம்மா பஸ்ஸை விட்டு இறங்குகிற நேரம், அவ பலவந்தமா எடுத்திட்டா, எங்கட பிள்ளைக்கு அப்பிடி எடுக்கத் தெரியேல்லை என்று சொன்னாள். மூன்று நாளாக அந்தச் சொல்லோடு இருக்கிறேன்.

நீ போனது பிழை என்ற என் எண்ணம் மாறவில்லை. அது மாறட்டும் என்று காத்திருந்தால் பேத்தி பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிடுவாள். ஆனால் நான் கை நீட்டாததால் ஒருவரும் போகாமல் நிற்கவில்லை. வாங்க வேண்டியதை வாங்காமல் போனார்கள், அவ்வளவுதான். உனக்கு அப்படிச் செய்தது என் பிழை. ஜூன் மாதம் பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு வரும்படி அம்மாவிடம் கேட்டாயாம், அப்பாவைக் கேட்டுப் பயனில்லை என்றும் சொன்னாயாம். அந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை. எட்மன்டனுக்குக் குடிவரும் கதையை எடுக்காதே, அதற்கு நான் இணங்க மாட்டேன். இங்கே டிசம்பரில் நத்தாருக்கு முந்திய ஒன்பது விடியற்பூசைக்கும் யாராவது நின்று பாட வேண்டும். பிள்ளையைக் குளிப்பாட்டியதும் காற்றுப் படவிடாதே. நிஷானைக் காரை மெதுவாக ஓடச் சொல்.

ஆண்டவர் உன்னையும் மருமகனையும் பிள்ளையையும் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும். நீங்கள் போன வீட்டில் நோயும் சண்டையும் நுழையாதிருக்கட்டும். அன்றைக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான். சனிக்கிழமை காலை தொலைபேசி எடு. அம்மாவிடம் கொடுங்கள் என்று சொல்லாமல், ஞானஸ்நானத்துக்கு வருவீர்களா என்று என்னிடமே கேள். நான் ஓம் என்று சொல்வேன்.

இப்படிக்கு
உன் அப்பா
ம. பத்திநாதர்