ஏரியை அளந்தவருக்கு

நேற்று பதிப்பகத்திலிருந்து பார்சல் வந்தது. பிரித்ததும் புது மையின் வாசனை. என் கௌபாய் நாவலின் இரண்டாம் பதிப்புக்கான அச்சுப்படி. 'திருத்தம் இருந்தால் குறித்து அனுப்பவும்' என்று மேலே ஒரு சீட்டு. முதல் பக்கத்தைப் புரட்டவே கை வரவில்லை, சார். இதில் சாகிற சர்வேயர் நீங்கள்தான் என்பது நம் இருவருக்கு மட்டுமே தெரியும் என்று எழுதிய காலத்தில் நம்பிக்கொண்டிருந்தேன்.

விழுப்புரத்தில் காலையில் நான் ஏறித் திண்டிவனத்தில் இறங்கும் பாசஞ்சர் ரயில்தான் என் எழுத்து மேசை. ஆபீசில் நான் டைப்பிஸ்ட். ரயிலில், ஓர் ஆண் பெயருக்குள் ஒளிந்துகொண்டு குதிரைவீரர்களையும் கொள்ளைக்காரர்களையும் எழுதுகிறவள். எதிர் இருக்கையிலிருந்து என் நோட்டைத் தலைகீழாகவே படித்துவிட்டு நீங்கள் முதன்முதலில் பேசியது நினைவிருக்கிறது. "மேடம், குதிர ஒரே நாள்ல அம்மாந்தூரம் ஓடாது. செத்துப்பூடும்." நீங்கள் நில அளவையாளர். தூரத்தில் தப்பு இருந்தால் உங்களுக்குப் பொறுக்காது.

ஒரு ஞாயிறன்று உங்கள் மனைவியையும் என் வீட்டுக்காரரையும் சேர்த்துக்கொண்டு செஞ்சிப் பக்கம் அழைத்துப் போனீர்கள். குன்று குன்றாக உருண்டைப் பாறைகள், அடியில் வேர்க்கடலை விளையும் மல்லாட்டைக் கொல்லை, கண் கூசும் வெயில். "அமெரிக்காவ எதுக்கு தேடிக்கினு இருக்கீங்க? இங்க ரெண்டு குதிரைய வுட்டா போதும்" என்றீர்கள். அன்றிலிருந்து என் பாலைவனங்களில் எல்லாம் அந்த வெயில்தான் அடிக்கிறது.

மயிலத்துக்கு அந்தப் பக்கம் ஓர் ஏரியை அளக்கப் போன பிறகு உங்கள் பேச்சு குறைந்தது. கரையோரம் குவாரி வைத்திருந்தவர் எல்லைக்கல்லைப் பிடுங்கிப் பிடுங்கி ஏரிக்குள் நட்டுக்கொண்டே போயிருந்தார். நீங்கள் பழைய வரைபடப்படி அளந்து, உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்துவிட்டீர்கள்.

"மாத்தி எழுதுன்றாங்க மேடம். மாட்டேன்னுட்டேன். இப்ப நான் பைக் எடுத்தா பின்னாலயே ஒரு டிப்பர் லாரி வந்துக்கினு கீது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னீர்கள். நான் சிரிக்கவில்லை. நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டேன். பயப்படுவதற்கு முன்னால் கதை வந்துவிடுகிறது எனக்கு.

நாவலில் ஏரி இல்லை. ஒரு பள்ளத்தாக்கு, அதை வளைக்கப் பார்க்கும் ஒரு பண்ணைக்காரன், அளக்க வந்த சர்வேயர். கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் நீங்கள் கேட்டீர்கள்: "அவன சாவடிச்சிடாதீங்க மேடம். பாவம், புள்ளகுட்டிக்காரன்."

"கதைக்கு அது வேணும் சார்" என்றேன். குன்றின் மேல் நின்றவரை முதுகில் சுட்டுக் கொன்றேன்.

புத்தகம் வந்த மூன்றாம் வாரம், மதியச் சாப்பாட்டு நேரத்தில் வெள்ளைச்சட்டைக்காரர் ஒருவர் என் மேசைக்கு வந்தார். கையில் அந்த நாவல். என் புனைபெயர் ஆபீசில் யாருக்கும் தெரியாது.

"நல்லா எழுதிகிறீங்கம்மா. அந்த ஏரிய நேர்ல பாத்த மாரியே கீது. கடைசில சர்வேயர முடிச்சீங்க பாருங்க, அதான் டாப்பு. வர்றேம்மா."

அவர் போன பிறகுதான் ஏரி என்ற சொல் என் காதில் விழுந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ரயிலில் உங்களிடம் சொல்ல வாயெடுத்தேன். மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த சந்தோஷத்தில் இருந்தீர்கள். என் கதையால்தான் இந்த ஆபத்து என்று சொல்லிவிடுவீர்களோ என்ற பயமும் எனக்கு இருந்தது. திங்கட்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். சனிக்கிழமை பட்டப்பகலில், மயிலம் ரோட்டில், உங்கள் பைக் மீது டிப்பர் ஏறியது. விபத்து என்று எழுதினார்கள்.

மூன்று மாதம் நான் வாயைத் திறக்கவில்லை. பிறகு உங்கள் மனைவி வீடு தேடி வந்தார். "ரயில்ல உங்ககிட்ட எல்லாம் சொல்வாராமேக்கா. ஏரி கேஸ திரும்ப விசாரிக்கிறாங்க. வந்து சொல்றீங்களா?"

போனேன். தேதியோடு குறித்து வைத்திருந்த நோட்டை விசாரணை அதிகாரியிடம் கொடுத்தேன். வெள்ளைச்சட்டைக்காரர் வந்ததையும், அதை உங்களிடம் சொல்லாமல் விட்டதையும் சொன்னேன். அதுவரை என் கையைப் பிடித்துக்கொண்டிருந்த உங்கள் மனைவி மெல்ல விரல்களை எடுத்துக்கொண்டார். வாக்குமூலத்தில் என் சொந்தப் பெயரில் கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தபோது பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.

இன்று ரயிலில் அச்சுப்படியைத் திறந்து, குண்டு தோளில் பட்டுச் சர்வேயர் பிழைத்துக்கொள்வதாக மாற்றி எழுதிப் பார்த்தேன். நாலு வரிக்கு மேல் போகவில்லை. அடித்துவிட்டேன். அவர் செத்தது செத்ததாகவே இருக்கட்டும் சார்.

வாக்குமூலம் கொடுத்த மறுநாளிலிருந்து, திண்டிவனம் ஸ்டேஷனிலிருந்து ஆபீசுக்கு நடக்கும்போது பின்னால் ஒரு டிப்பர் வருகிறது. ஹாரன் அடிப்பதில்லை. தாண்டிப் போவதும் இல்லை. வீட்டுக்காரர் லீவு போடச் சொல்கிறார். நான் மேசையில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக வண்டி எண்ணையும் நேரத்தையும் எழுதி வைக்கிறேன். "பாத்தத அன்னிக்கே எழுதிடணும் மேடம். மறுநாள் எழுதுனா அது கதையாப் பூடும்" என்பீர்கள். உங்களிடமிருந்து என்னிடம் மிச்சம் இருப்பது இந்த ஒரு பழக்கம்தான்.

இன்றைக்கும் எழுதிவிட்டேன். இன்று இரண்டு வண்டிகள்.