முகிற்கோட்டுக் காப்பிக்கொட்டைக்குத் தடை

மாசித் திங்கள் ஒன்பதாம் நாள், ஞாயிறு எழுந்து மூன்று நாழிகை.

பனிவரை காவலர், ஏழு சுனைக்கு உடையவர், முகிற்கோட்டு அரசர், எம் மைத்துனர் பூழிவேள் திருமுன்பு, கருங்கோட்டு அரசன் வயவேள் விடுக்கும் ஓலை. உம் குடி தழைக்க. உம் சுனைகள் வற்றாதிருக்க. உம் காப்பித் தோட்டங்களை இவ்வாழ்த்தில் சேர்க்க எமக்கு மனம் வரவில்லை.

உம் தங்கையும் எம் தேவியுமாகிய நறுங்கொடி இவ்வரண்மனை புகுந்தபோது நாற்பது காப்பிக் கன்றுகளைச் சீதனமாகக் கொணர்ந்தார். அவற்றின் வழிவந்த மரங்கள் இன்று எம் மலைச்சரிவு முழுதும் நிற்கின்றன. விதை உம்முடையது. மலையின் உயரம் ஒன்றே. உம்மிடம் பெய்து மீந்த முகில்தான் மறுநாள் எம்மிடம் வருகிறது. ஆயினும் உம் காப்பியில் பலாச்சுளையின் மணமும், நாரத்தைத் தோலின் சிறு கைப்பும், விழுங்கிய பின்னும் நாவில் நிற்கும் தேனும் உண்டு. எம் காப்பியில் சூடு உண்டு.

காரணம் தேடினோம். எரு மாற்றினோம். வறுக்கும் சட்டியை மாற்றினோம். பின்பே அறிந்தோம். உம் நாட்டார் பழத்தைத் தோலோடு இருபது நாள் வெயிலில் உலர்த்துகின்றனர். பழத்தின் இனிப்பு கொட்டைக்குள் இறங்குகிறது. எம் நாட்டாரோ, ஈ அமர்ந்த பழம் தேவிக்கு ஆகாது என்று தோலை உரித்து, மூன்று நாள் ஓடையில் ஊறவைத்து, ஏழு முறை கழுவுகின்றனர். சுவை ஓடையோடு போகிறது. மாற்றுமாறு பணித்தோம். தோட்டத் தலைவி காரி, தேவி அருந்துவதில் ஈ கால் வைப்பதை அரசர் பொறுப்பாராயினும் தான் பொறுப்பதற்கில்லை என்று எம்மையே கடிந்து, எட்டாம் முறையும் கழுவினாள்.

பதினோர் ஆண்டில் உமக்கு ஒருமுறையும் அழைப்பு விடுத்தோமில்லை. எல்லைப் பூசல் என்றோம், மழை என்றோம். உம் முன் எம் காப்பியை வைக்க மனம் துணியவில்லை என்பதே உண்மை.

நேற்றுக் காலை நான்கு நாட்டுத் தூதர் எம் அவையில் அமர்ந்தனர். போதுமென்றால் குவளையைக் கவிழ்ப்பது எம் அவை வழக்கம். சென்ற ஆண்டு கடல்நாட்டுத் தூதர் இரண்டாம் மிடற்றில் கவிழ்த்தார். இஃது எந்நோய்க்கு மருந்து என்று மிகப் பணிவோடு வினவினார். அதனை மறுமுறை கேட்கும் வலிமை எமக்கில்லை. ஆதலால் உம் கொட்டையை மறைவில் தருவித்து, எம் மலைக் காப்பி என்று பெயர் சொல்லி அளித்தோம்.

ஒருவரும் கவிழ்க்கவில்லை. கடல்நாட்டார் மூன்று குவளை அருந்தி, இம்மண்ணுக்கு ஈடில்லை என்றார். உமக்குரிய புகழை யாம் எம் முகத்தில் வாங்கிக்கொண்டு அமர்ந்திருந்தோம். அதனினும் கசந்த காப்பியை யாம் குடித்ததில்லை.

எனவே ஆணை. இன்று முதல் முகிற்கோட்டுக் காப்பிக்கொட்டை ஒன்றும் எம் கணவாயைத் தாண்டலாகாது. தாண்டின் தீயிடப்படும். இது புலிமுக இலச்சினையிட்ட எம் சொல்.

இலச்சினை மண் காயுமுன் ஓலைக்கட்டினை அவிழ்த்து இவ்வோர் ஏட்டையும் சேர்க்கிறோம். ஆணை இன்னும் கணவாய்க் காவலருக்குச் செல்லவில்லை.

நேற்று அவையில் மிஞ்சிய காப்பியை, எம் மலையினது என்றே சொல்லி, ஏவலர் தேவியிடம் கொண்டு சென்றிருந்தனர். யாம் பின்னர் அறிந்து விரைந்தோம். பதினோர் ஆண்டாக எம் காப்பியை ஒரு குறையும் சொல்லாமல் அருந்தியவர் அவர். ஒரு மிடறு அருந்தினார். குவளையைக் கீழே வைக்கவில்லை. எழுந்து வாயில்வரை சென்று, முற்றத்தைப் பார்த்து, எம் பக்கம் திரும்பி வினவினார்:

"அண்ணன் வந்திருக்கிறாரா?"